ஆழத்து முனையில் நின்ற மின்னி

ஆற்று மடுவில் ஒரு நீர்நாய்க் கூட்டம் மீன் பிடித்துப் பிழைத்து வந்தது. எல்லாரும் அரைவட்டமாக நீந்தி மீன்களைக் கரைப்பக்கம் விரட்டுவார்கள். ஆழத்து முனையில் வருகிறவர் சரியான நொடியில் திரும்பி வழியை அடைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மீனெல்லாம் தப்பிவிடும்.

அந்த முனையில் எப்போதும் மின்னிதான். அவளைப் போல நீந்த ஆளில்லை. அது அவளுக்கும் தெரிந்து தொலைத்ததுதான் வம்பு!

துடுப்பன் கூட்டத்துக்குப் புதியவன். கொஞ்சம் மந்தம்.

"அக்கா, எப்போ திரும்பணும்னு எனக்கும் சொல்லிக் கொடுங்களேன்!"

"உனக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரத்துல நானே பிடிச்சிடுவேன். தள்ளிப் போ!"

ஒருநாள் அவன் பதறிக்கொண்டு வந்தான். "அக்கா, அந்தப் பாறை இடுக்குல அறுந்த வலை கிடக்கு! நான் பின்னால மெதுவா வர்றதால கண்ணுல பட்டுது. அந்தப் பக்கம் போகாதீங்க!"

"நீந்தவே தெரியாதவன் எனக்கு வழி சொல்ல வந்துட்டான்!" என்றாள் மின்னி. கூட்டமே சிரித்தது.

அன்றைக்கே அவள் பின்னங்கால் அந்த வலையில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிய்த்துக்கொண்டு கரையேறினாள். உயிர் மிஞ்சியது. கால் போனது.

பொந்துக்குள் அவள் குட்டி பசியில் கத்தியது. மற்றவர்கள் எல்லாரும் அரைவட்டத்தில் அவரவர் இடத்துக்கு வேண்டியிருந்ததால், வேறு வழியில்லாமல் துடுப்பனை முனைக்கு அனுப்பிவிட்டு, பாறைமேல் படுத்தபடி கூவினாள்.

"திரும்பு! ஐயோ, இப்போ திரும்பு!"

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் மீன்கள் போய்விட்டன.

"மீசையில தண்ணி அதிரும்டா! அப்போ திரும்பணும்!"

"எப்படி அதிரும் அக்கா? அந்த இடத்துல என்னை ஒருநாளும் வர விட்டதே இல்லையே!"

அன்றும் பட்டினி. மறுநாளும் பட்டினி. துடுப்பன் கற்றுக்கொண்டுதான் இருந்தான், பாவம். பசிதான் காத்திருக்கவில்லை.

ஒரு மாலை அவன் கெண்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பொந்துக்கு ஓடிவந்து, அதைக் கீழே போட்டான். "அதிர்ந்துச்சு அக்கா! மீசையில அதிர்ந்துச்சு!"

குட்டி கத்துவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. மின்னி அந்த மீனை எடுத்துக் குட்டியின் வாயருகே வைத்துவிட்டு அப்படியே கிடந்தாள்.

கூட வேலை செய்பவனுக்குத் தெரிந்ததைச் சொல்லித் தராமலும், அவன் சொல்வதைக் காதில் வாங்காமலும் இருப்பவருக்குப் புத்தி வரும்போது காலம் கடந்திருக்கும்.