மாஸ்டரின் வலது கால்

கஸ்தூரிக்கு அநியாயம் நடந்தது. ஸ்டியரிங் பிடிக்க விடாமலே அவளை லாரி டிரைவர் ஆக்கிவிட்டார்கள்.

செய்தது ஒரு பயிற்சி நிலையம். பெயரைச் சொன்னால் அதற்கு விளம்பரமாகிவிடும், வேண்டாம். ஒரே லாரியில் ஐந்து ஆண்களும் கஸ்தூரியும் ஏறுவார்கள். ஆண்கள் முறை வரும்போது ரோடு நீண்டுகொண்டே போகும். அவள் முறை வரும்போது டீக்கடை வந்துவிடும். டீ குடித்து முடித்தால் மழை பிடிக்கும். மழை இல்லாத நாளில் டீசல் இருக்காது.

“பக்கத்துல உக்காந்து பாருங்கக்கா. பாத்துப் பாத்தே வந்துரும்” என்பார் சொல்லிக்கொடுத்தவர்.

பார்த்தாலே வந்துவிடும் என்றால் சினிமா பார்க்கிற அத்தனை பேரும் இந்நேரம் நடிக்கப் போயிருக்க வேண்டும். கஸ்தூரி இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

டெஸ்டில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். லைசென்ஸ் வந்தது. கை வரவில்லை.

சங்ககிரியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தே நாற்பது வயதைத் தாண்டியவள் அவள். அவள் தைத்த தார்ப்பாய்கள் அசாம் வரைக்கும் போய் நனைந்துவிட்டு வந்திருக்கின்றன. அவள் ஈரோட்டைத் தாண்டியதில்லை. இதுவும் அவளுக்கு நியாயமாகப் படவில்லை.

லைசென்ஸை எடுத்துக்கொண்டு, ஊரில் லாரிகள் வைத்து ஓட்டும் நல்லமுத்துவிடம் போனாள்.

“காகிதம் இருக்குது அம்மிணி. கை இருக்குதா?”

“குடுத்தாத்தானுங்க இருக்கும்.”

நல்லமுத்து சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் லாரி அவருடையது. “புது வண்டி ஒண்ணு வருது. ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டு ரோட்டுல விடறேன். அதுக்குள்ள நம்ம சுலைகா உன்னைப் பாத்துப் ‘போதும்’னு ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவி உனக்கு. சொல்லலீன்னா சேகருன்னு ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கறான், அவனுக்கு.”

பயிற்சி லாரியில் ரோடு நீண்டுகொண்டே போன ஐந்து பேரில் அந்தச் சேகரும் ஒருவன்.

சுலைகா, நல்லமுத்துவிடம் லாரி ஓட்டும் ஒரே பெண். கஸ்தூரியைவிடப் பத்து வயதாவது சின்னவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றாள், சிஷ்யை குருவை மாஸ்டர் என்றாள். இருவருக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை.

சுலைகாவைப் பற்றி லாரிப்பேட்டைக்கே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. தூர ஓட்டத்தில் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்கிக்கொள்வது லாரிக்காரர்கள் வழக்கம். சுலைகா மட்டும் இன்னொருவர் கையில் ஸ்டியரிங் இருக்கும்போது கண்ணை மூடியதே கிடையாது. அவள் புருஷனும் டிரைவர்தான், நல்ல டிரைவர். அவன் ஓட்டியபோதும் நாக்பூர் வரைக்கும் விழித்தே உட்கார்ந்து வந்தாளாம். அதில் அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

முதல் நாள் காலையில் கஸ்தூரி பழக்க தோஷத்தில் லாரியின் இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். அங்கே சுலைகா உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டு, பெல்ட்டும் மாட்டியாகிவிட்டது.

“மாஸ்டர், இது என்ற எடமுங்க.”

“அப்ப அது யாரோட எடமுங்க்கா?”

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சீட்டு காலியாக இருந்தது. கஸ்தூரி லாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். போனாள் என்பது சரியில்லை, ஓடினாள்.

அன்றைக்கு வண்டி நாலு ரோட்டு நடுவில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ்காரன் ஆரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான். “அக்கா, ஊட்ல மாவாட்ற வேல இல்லியா?”

“ஆட்டி வெச்சுட்டுத்தான் வந்தேன் தம்பி. நீ சாப்பிட்டியா?”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்காரனும் சிரித்துவிட்டான். வண்டி கிளம்பியது.

பிறகு தினமும் ஓட்டினாள். சிமெண்ட் ஏற்றிக் கரூர், நூல் ஏற்றிக் கோயம்புத்தூர். டீக்கடை வந்தால் நின்று டீ குடித்தார்கள், மறுபடியும் அவளே ஓட்டினாள். மழை வந்தது, மழையிலும் அவளே ஓட்டினாள். டீ, மழை, டீசல் மூன்றும் ஒரு ஆளை ஓட்ட விடாமல் செய்கிற சக்திகள் அல்ல என்பது அப்போதுதான் நிரூபணமானது. கியர் சத்தமில்லாமல் விழுந்த அன்று வாய்விட்டுப் பாடினாள். பாட்டு சுமார்தான். கியர் நன்றாக இருந்தது.

ஒரு நாள் கேட்டாள். “மாஸ்டர், எவ்வளவு ஓட்டுனாப் போதும்?”

சுலைகா சுட்ட சோளக்கதிர் ஒன்று வாங்கி அவள் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரமும் கேட்டாள். அப்போது வேர்க்கடலை கிடைத்தது.

மூன்றாம் முறை கஸ்தூரி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள்.

“எனக்குத் தீனி வேண்டாமுங்க, பதில் வேணும். அந்தப் பயிற்சிக்காரங்க பாத்தாலே போதும்னு பொய்யா ஒரு அளவு சொல்லி ஏமாத்துனாங்க. நீங்க மெய்யா ஒரு அளவு சொல்ல மாட்டீங்கறீங்க. நடுவுல நிக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

சுலைகா தன் வலது காலைத் தூக்கிக் காட்டினாள். காலுக்கு அடியில், தரையில் விரித்திருந்த ரப்பர் பாயில் ஒரு ஓட்டை இருந்தது. குதிகால் ஊன்றித் தேய்த்த ஓட்டை.

“என்னங்க இது?”

“பிரேக்கு.”

“இந்தப் பக்கம் பிரேக்கே கெடையாதே.”

“கெடையாதுதான். ஆனா அமுக்கிக்கிட்டே வர்றேன். இது எப்ப சும்மா கெடக்குதோ, அப்பப் பாக்கலாம்.”

கஸ்தூரி ஓட்டையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். “எங்கெங்க அமுக்குனீங்க?”

“நேத்துப் பள்ளிக்கூடம் விட்ட நேரத்துல. அப்புறம் அந்த டேங்கருக்குப் பின்னால. இன்னிக்கு ஆட்டு மந்தைக்கு.”

“ஆட்டுக்கு நான் நின்னுட்டனே.”

“நின்னீங்க. நான் மொதல்ல நின்னேன்.”

அடுத்த நாள் லாரி நகர்ந்த வேகத்தில் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டியது.

“ஏனுங்க்கா, பின்னால சாமி ஏதும் ஊர்வலம் வருதா?” என்றாள் சுலைகா.

“இல்லீங். உங்க கால் அமுக்கக் கூடாதுன்னு பாத்து ஓட்டறேன்.”

சுலைகா கழுத்தில் கிடந்த துண்டை உருவி, இரண்டு கால்களையும் மூடிப் போர்த்திக்கொண்டாள்.

“இப்ப எதைப் பாப்பீங்க?”

கஸ்தூரி ரோட்டைப் பார்த்தாள்.

ஆடி பிறந்தது. புது லாரி வந்து ஷெட்டில் நின்றது. பச்சை நிறம். நல்லமுத்து அதற்குப் பூமாலைக்குச் சொல்லிவிட்டார். சுலைகா இன்னும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை.

“மாஸ்டர், நான் ஒண்ணு கேக்கறேன். சேகருக்கு ரோட்டைக் குடுத்தாங்க, எனக்கு டீயைக் குடுத்தாங்க. அவனுக்குக் கை வந்துருச்சு. இப்ப கை வந்தவனுக்குத்தான் வண்டின்னு சொன்னா, டீ குடிச்சது என்ற தப்பா? மொதல்ல குடுக்காம விட்டதையே காரணம் காட்டி மறுபடியும் குடுக்காம விட்டா, அது எந்த ஊரு நியாயமுங்க?”

“எந்த ஊரு நியாயமும் இல்ல.”

“அப்பப் போதும்னு சொல்லிருங்க.”

“நியாயத்துக்காகச் சொன்னா வண்டி நிக்குமாங்க்கா?”

கஸ்தூரிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீரில் பாதி கீழே போயிற்று.

சுலைகா சாவியை எடுத்து அவளிடம் நீட்டினாள். “நாளைக்குக் கிருஷ்ணகிரி. மாம்பழக் கூழ் லோடு. திரும்பி வரும்போது தொப்பூர் எறக்கம் நீங்கதான்.”

தொப்பூர் இறக்கத்தைப் பற்றி லாரிப்பேட்டையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மலையை வெட்டி இறங்குகிற ரோடு அது. லோடு ஏற்றிய வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். சின்ன கியரில் போட்டு, வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும்படி இறக்க வேண்டும். அவசரப்பட்டவன் அதில் இறங்கக் கூடாது.

மறுநாள் கிருஷ்ணகிரியில் கூழ் டிரம்களை ஏற்றினார்கள். கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள். லோடு ஏற்றியவர்கள் ஆளுக்கொரு மாம்பழம் கொடுத்தார்கள். கஸ்தூரி சாறு ஒழுகிய கையைக் கழுவிவிட்டு ஏறினாள். சுலைகா கறுப்புக் கண்ணாடி போட்டு, பெல்ட் மாட்டி, காலில் துண்டைப் போர்த்தினாள்.

தருமபுரி தாண்டியது. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னாலேயே கஸ்தூரி கியரைக் குறைத்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. ரோட்டோரத்துச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பரீட்சைக்கு வந்த அதிகாரிகள் மாதிரி. ஒரு கார் இடது பக்கமாக நுழைந்து நேர் முன்னால் வந்தது. அவன் அப்படித்தான் வருவான் என்று அவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவனுக்கு வேண்டிய இடம் ஏற்கெனவே அங்கே இருந்தது. பின்னால் ஒரு டிரம்கூடத் தட்டவில்லை.

“மாஸ்டர், அந்தக் கார்காரனைப் பாத்தீங்களா?”

பதில் இல்லை.

கோபம் போலிருக்கிறது என்று நினைத்தாள். இடது கண்ணாடியைப் பார்க்கிற சாக்கில் ஒரு பார்வை பார்த்தாள். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியோடு முகத்தை நேரே ரோட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். இன்ஜின் போட்ட சத்தத்தில் தான் கேட்டது அவளுக்குக் கேட்டதா என்றும் தெரியவில்லை.

மலை முடிந்தது. “எறங்கியாச்சுங் மாஸ்டர்.”

பதில் இல்லை.

சேலம் போயிற்று. கஸ்தூரி ஓட்டிக்கொண்டே மனசுக்குள் வாதாடினாள். கியர் சரி. தூரம் சரி. கார் விஷயத்தில் தப்பு அவன் பேரில். வேறென்ன? ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சங்ககிரி வந்தது. ஷெட்டுக்கு முன்னால் நல்லமுத்து பச்சை லாரிக்கு வாழைக்கன்று கட்டவைத்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி வண்டியை ரிவர்ஸில் எடுத்து, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நல்லமுத்து படியில் ஏறி அவள் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன அம்மிணி, நாளைக்குப் பூசை. மாஸ்டர் என்ன சொன்னா?”

“ஒண்ணுமே சொல்லலீங்க. தொப்பூர்ல இருந்து வாயே தொறக்கல.”

“அப்பச் சேகரை வரச் சொல்லிரட்டுமா?”

கஸ்தூரி சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. அப்புறமும் ஒரு சத்தம் அடங்கவில்லை.

இருவரும் இடது பக்கம் திரும்பினார்கள். சுலைகா பெல்ட்டில் தொங்கியபடி உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. துண்டு நழுவிக் கிடந்தது. வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, பாயின் ஓட்டையை விட்டுத் தள்ளி, விரல்கள் மேலே பார்க்கச் சாய்ந்து கிடந்தது.

நல்லமுத்து அதை நம்பாதவர் போல ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“சுலைகா, அக்கா ஓட்டுனது போதுமா?”

“கொர்ர்ர்” என்றாள் மாஸ்டர்.