அதிசூரத் தேக்கும் ஒற்றைச் செங்காந்தளும்

முன்னொரு காலத்தில் கொடிமலை அடிவாரத்து நாட்டை அதிசூர பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்றால், காலையில் ஓர் ஆணை போடுவார்; மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்துவிடுவார். அந்த மறதியால்தான் நாடு பிழைத்துக் கிடந்தது. தன்னைப் பற்றிய புகழ்ச்சியை மட்டும் அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். மலைச்சனங்கள் பொன்னோ நெல்லோ கப்பம் கட்டுவதில்லை. ஆவணி மாதம் சோலையில் முதலில் பூக்கும் செங்காந்தளைப் பறித்து, மலைத்தலைவி வெள்ளச்சி அரண்மனைக்குக் கொண்டு வருவாள். ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்து, அதை வாங்கித் தலைப்பாகையில் செருகிக்கொள்வார். அவ்வளவுதான் கப்பம்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் மரக் கண்காணி வல்லப்பருக்கு வயிறு எரியும். அரண்மனைக்குத் தேக்கு வெட்டித் தருவது அவர் வேலை. ஏழு வாசலுக்கும் கதவு போட்டவர். அவரைக் கண்டு ராஜா எழுந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் புதுச் சிம்மாசனத்துக்காக வல்லப்பர் அவர் இடுப்பைக் கயிறு போட்டு அளக்க வேண்டியிருந்ததால்.

அந்த வருஷ ஆவணியில் வெள்ளச்சி பூவை நீட்டினாள். வல்லப்பர் குறுக்கே வந்து நின்றார்.

“மகாராஜா, நாளைக்கு வாடிவிடும் காட்டுப்பூ ஒரு கப்பமா? இவர்கள் சோலையில் நூறு தேக்கு நிற்கிறது. மரங்களில் தேக்கு, மன்னர்களில் தாங்கள். அங்கே உள்ளதிலேயே பெரிய மரத்துக்குப் போன வருஷமே ‘அதிசூரத் தேக்கு’ என்று தங்கள் பெயரை வைத்துவிட்டேன்.”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. பூவுக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“அப்படியானால் இப்போதே வழக்கு நடக்கட்டும். பூ பெரிதா, தேக்கு பெரிதா? தேக்குதான் என்றால் இனிமேல் கப்பமும் தேக்குதான். நூறு மரமும் அரண்மனைக்கு வந்து சேர வேண்டும்.”

அந்தச் சோலை நிழலில்தான் மலைச்சனங்களுடைய ஊற்று இருந்தது. அதை நம்பி நாற்பது குடிசைகள் இருந்தன. ஆனால் அழுதால் ராஜாவுக்குப் பிடிக்காது, வாதாடினால் அதைவிடப் பிடிக்காது என்பது வெள்ளச்சிக்குத் தெரியும்.

“ஐயாவே மொதல்ல சொல்லட்டும் சாமி. தேக்கோட பெருமையக் கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு” என்றாள்.

வல்லப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். தேக்கு கதவாகும், தூணாகும், கப்பலாகும், ஊஞ்சலாகும், கரையான் கிட்டே வராது, பேரன் காலம் வரை உழைக்கும். மூச்சு வாங்கும்வரை சொன்னார். சபை தலையாட்டியது.

“அத்தனையும் நெசம்” என்றாள் வெள்ளச்சி. “ஆனா இதெல்லாம் வெட்டுனதுக்கு அப்புறம் வர்ற பெருமையாச்சே. உசுரோட நிக்குற தேக்குக்கு ஒரே ஒரு பெருமை சொல்லுங்க ஐயா.”

“நன்றாக வளரும்” என்றார் வல்லப்பர்.

“எதுக்குங்க?”

“வெட்டுவதற்கு.”

வாய் தவறி வந்துவிட்டது. மந்திரிகள் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

ராஜாவுக்கு இது ரசிக்கவில்லை. “வாய்ச்சாலகம் போதும். உன் பூவுக்கு என்ன பெருமை?”

“அதக் கண்ணால பாக்கணும் சாமி. மகாராசா பேரு வச்ச மரத்தையும் பாத்த மாதிரி இருக்கும். ஒரு எட்டு சோலைக்கு வாங்க.”

தன் பெயர் காதில் விழுந்ததும் ராஜா பல்லக்கு கொண்டுவரச் சொன்னார். வல்லப்பருக்கும் சந்தோஷம்தான். மரத்தின் பருமனைப் பார்த்தால் தீர்ப்பு தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சோலையில் எல்லாத் தேக்கும் முறம்முறமாய் இலை விட்டு, உச்சியில் வெள்ளைப் பூவோடு நின்றன. அதிசூரத் தேக்கு மட்டும் மொட்டையாக நின்றது. அதன் அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைக் காணோம்.

“என் மரம் ஏன் இப்படி நிற்கிறது? யார் வேலை இது?”

“அடியேன்தான் மகாராஜா” என்றார் வல்லப்பர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “முதல்தர மரத்துக்கு மட்டும் செய்கிற மரியாதை. இடுப்பில் பட்டையை வளையமாகச் சீவிவிட்டால் நின்றபடியே காய்ந்துவிடும். அப்புறம் வெட்டி ஆற்றில் விட்டால் அழகாக மிதக்கும். பச்சை மரம் முழுகிப்போகும். தங்கள் பெயரை வைத்த அன்றே சீவிவிட்டேன்.”

“பெயர் வைத்த அன்றேவா?”

“தாமதம் செய்யவே இல்லை, மகாராஜா.”

ராஜாவின் கை தானாகவே தன் இடுப்புக்குப் போனது. சிம்மாசனத்துக்கு அளவெடுத்த கயிறு அவருக்கு ஞாபகம் வந்தது.

வெள்ளச்சி மரத்தடியைக் காட்டினாள். காய்ந்த அடிமரத்தைப் பற்றிக்கொண்டு ஒரு காந்தள் கொடி ஏறிப் பூத்திருந்தது.

“மகாராசா வருசா வருசம் தலையில வச்சதெல்லாம் இந்த ஒரே கொடியோட பூதான் சாமி. சோலையில எப்பவும் மொதல்ல பூக்குறது இதுதான். பூவப் பறிச்சுக்கிட்டுக் கெழங்க மண்ணுலயே விட்டுருவோம். மறு மழைக்குத் திரும்ப வந்துரும். எது பெருசுன்னு சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பில்ல. ஆனா எங்க மலையில யாரையும் தேக்குன்னு மட்டும் புகழ மாட்டோம். பின்னாலயே அளக்க ஆள் வந்துரும்.”

ராஜா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “கப்பம் பூதான். இந்தச் சோலையில் இனி ஒரு மரத்தையும் தொடக்கூடாது” என்றார். வல்லப்பரைத் திரும்பிப் பார்த்தார். “மரியாதை தெரிந்த உம்மை வெறுங்கையோடு அனுப்பலாமா? இன்று முதல் நீர்தான் நம் அரசவைத் தேக்கு. முதல்தரம்.”

வல்லப்பர் பழக்கதோஷத்தில் குனிந்து வணங்கினார். நிமிரும்போதுதான் அவருக்கு வியர்த்தது.

“வெள்ளச்சி, உனக்கும் ஒரு பட்டம் தரலாமென்று...”

“பேரு மட்டும் வேண்டாம் சாமி” என்று அவள் அவசரமாகக் கும்பிட்டாள். “ஐயாவோட அந்த அளவுக் கயிறு கெடச்சாப் போதும்.”

அடுத்த ஆவணியில் செங்காந்தள் அந்தக் கயிற்றால் கட்டப்பட்டு வந்தது. ராஜா எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். தன் வாழ்நாளில் அவர் மறக்காத ஆணை, சோலை மரத்தைத் தொடக்கூடாது என்ற அது ஒன்றுதான். மறக்கத்தான் விடவில்லையே, தினமும் காலையில் வாசல் காவலன் “அரசவைத் தேக்கு வருகிறார்” என்று கூவுவான். உடனே வாசலில் வல்லப்பரும் சிம்மாசனத்தில் ராஜாவும் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.