காற்றுச்சாமிக்குப் பசித்த கதை

தென்கரைச் சீமையைச் சிகாமணி ராஜா ஆண்ட காலத்தில், ஆற்றோரத் தோப்பில் ஒரு சாமியார் வந்து குடில் போட்டார். அவருக்குப் பசி என்பதே கிடையாதாம். காற்றுதான் ஆகாரமாம். ஊரார் காற்றுச்சாமி என்று பெயர் வைத்தார்கள். ஆள் மட்டும் பூசணிக்காய் மாதிரி இருந்தார். "சுத்தமான காற்று, உடம்பில் ஒட்டுகிறது" என்று பக்தர்கள் விளக்கம் சொன்னார்கள்.

அரசவை விகடன் பூதலிங்கம் இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் தங்கை உலகம்மையும் தோப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் சிரிப்பு நின்றது. கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் அவள். வீட்டில் எல்லோரும் புத்தி சொன்னார்கள். பூதலிங்கம் வேடிக்கை காட்டிப் பார்த்தான். காற்றுச்சாமி ஒருவர்தான், "குழந்தைக்கு என்ன பேர் வைத்திருந்தாய் அம்மா?" என்று கேட்டார். அவள் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

தோப்பில் இருந்த நெசவாளி, குயவர், கைம்பெண் எல்லோரும் இப்படி வந்தவர்கள்தான். சாமி முதலில் உறவை விடச் சொன்னார். பிறகு சோற்றை விடச் சொன்னார். பசித்தால் பாவம் இன்னும் கழியவில்லை என்று அர்த்தம். அதனால் யாரும் பசியை வெளியே சொல்லவில்லை. அமாவாசை முதல் தண்ணீரும் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

ராஜா சேவகர்களை அனுப்பினார். "சாமியைத் தொட்டால் ஆற்றில் விழுவோம்" என்று ஜனங்கள் குறுக்கே படுத்துக்கொண்டார்கள். வாதாடப் போன மந்திரிகள் தோற்றுத் திரும்பினார்கள்.

ராஜா பூதலிங்கத்தை அழைத்தார். "சாமியார்மேல் கை படக் கூடாது. அவரைப் பழித்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அமாவாசைக்குள் என் ஜனங்கள் சாப்பிட வேண்டும். முடியுமா?"

"பார்க்கிறேன் மகாராஜா."

தோப்பில் உலகம்மை எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடச் சொல்லத்தானே வந்தாய் அண்ணே?"

"இல்லை அம்மா. நானும் சேர வந்தேன்."

நேரே போய்ச் சாமியின் காலில் விழுந்தான். "சாமி, நாங்கள் சோறு தின்று வளர்ந்தவர்கள். எங்கள் வாடை பட்டுத் தங்கள் ஆகாரம் கெட்டுப்போகாதா?"

"கெடத்தான் செய்கிறது. என்ன செய்வது?" என்றார் சாமி பெருந்தன்மையாக.

"இனிமேல் கெட விடமாட்டோம்."

அன்றே குடிலைச் சுற்றிப் பக்தர்கள் காவல் உட்கார்ந்தார்கள். ஒரு பருக்கை உள்ளே போக வழியில்லை. ஆளுக்கொரு பனையோலை விசிறி. கிழக்கிலிருந்து விசிறினால் காலைப் பலகாரம். தெற்கிலிருந்து விசிறினால் மதியச் சாப்பாடு. கொஞ்சம் பன்னீர் தெளித்து விசிறினால் பாயசம். பூதலிங்கம் வேளை தவறாமல் பரிமாறினான்.

சாமியின் அணுக்கச் சீடன் மூடிய கூடையோடு பின்வாசலுக்கு வந்தான். அங்கே காவல் உலகம்மை.

"உள்ளே என்ன?"

"பூசைப் பூ."

"பூவில் நெய் வாசனை அடிக்கிறது. சாமிக்கு ஆகாது" என்று கூடையை வாங்கி ஆற்றில் விட்டாள். அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. முழு பக்தியோடுதான் விட்டாள்.

மறுநாள் சாமி, "எல்லோரும் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

"தங்களைத் தனியே விட்டுவிட்டா?" என்று பூதலிங்கம் இன்னும் வேகமாக விசிறினான்.

உச்சிவேளையில் சாமி தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார். "சோறு. யாராவது ஒரு பிடி சோறு போடுங்கள்."

விசிறிகள் நின்றன. உலகம்மை எழுந்து அவர் எதிரே போனாள்.

"சாமிக்குப் பசிக்கிறதா?"

"உயிர் போகிறது அம்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள், "எனக்கும்தான் பசிக்கிறது."

"எனக்கும்" என்றார் குயவர். "எனக்கும்" என்றது இன்னொரு குரல். வட்டம் முழுக்க அதே சொல் போய் வந்தது.

தோப்புக்கு வெளியே அரண்மனைச் சமையல்காரர்கள் கஞ்சி அண்டாவோடு காத்திருந்தார்கள். உலகம்மை குடிக்கக் குடிக்க, பூதலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைப் பற்றிக் கேட்டான். அவள் சொல்லி முடிக்கும்வரை வேடிக்கை எதுவும் பேசவில்லை. சேவகர்கள் வந்து சாமியாரை அழைத்துப் போனபோது, குறுக்கே படுக்க ஒருவரும் இல்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கத்தின் கழுத்தில் போட்டார். "என் மந்திரிகள் எல்லோரும் தோற்ற இடத்தில் நீ எப்படியப்பா ஜெயித்தாய்?"

"அவர்கள் எல்லோரும் அவரைச் சந்தேகப்பட்டார்கள் மகாராஜா," என்றான் பூதலிங்கம். "நான் ஒருத்தன்தான் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்."