யாரும் எழுந்து போகாத கச்சேரி

பூவாங்குறிச்சி சிம்பொனிக் குழுவைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொன்னாலே போதும்.

உரக்கடைக்காரர், தபால்காரர், பல் டாக்டர் என்று ஆளுக்கொரு வாத்தியம் வாங்கிக்கொண்டு, ஒரு சீசன் முழுக்க மேல்நாட்டுச் சங்கீதம் வாசிப்பதாக ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். குச்சி பிடித்து நடத்துபவர் ஞானதுரை மாஸ்டர். ஊரில் இருந்த ஒரே கல்யாண மண்டபம் உலகம்மாளுடையது. முகூர்த்தத்துக்கு முன்னால் விடிகாலையில் மட்டும்தான் அது காலி. ஆகவே கச்சேரியும் விடிகாலையில். வாக்கிங் கிளம்பியவர்கள்தான் சபை.

முதல் கச்சேரியில் சிலர் பாதியிலேயே நழுவினார்கள். உலகம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சனம் எந்திச்சு ஓடுத மண்டபம்னு பேராச்சுன்னா எவன் இங்க கல்யாணம் வைப்பான்? அடுத்த தடவ ஒருத்தர் எந்திச்சாலும் உங்க சீசன் அன்னைக்கோட முடிஞ்சுது!"

வேறு மண்டபம் கிடையாது. குழு கூடி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு யோசித்தது.

"பாதியில போனது நாலஞ்சு பேருதான் மாஸ்டர்," என்றார் செல்லோ வாசிக்கும் உரக்கடை இசக்கியப்பன். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மிச்ச அத்தன பேரும் எப்ப எந்திச்சாங்க தெரியுமா? நாம கடைசி சுரத்த வாசிச்ச உடனே!"

எல்லோருக்கும் பகீரென்றது. அந்தச் சுரத்தைப் போய் உருகி உருகி வாசித்திருக்கிறார்களே!

"அப்ப அத வாசிக்கவே வேண்டாம்," என்றார் மாஸ்டர்.

பின்வரிசையில் ஒரு விசும்பல். தபால்காரர் குருசுமுத்து. பெரிய பித்தளைத் தாளம் அவர் பொறுப்பு.

"மாஸ்டர், முழு சிம்பொனியிலயும் எனக்கு இருக்கதே அந்தக் கடைசி சுரத்துல வர்ற ஒரே அடிதான். அதுக்காக எத்தன நாளு கை ஓங்கிப் பழகியிருக்கேன்!"

"ஓங்கும்வே, யாரு வேண்டாம்னா? ஓங்கினபடியே நில்லும். நான் குச்சிய எறக்க மாட்டேன், நீரும் அடிக்கப்படாது."

பல் டாக்டருக்கு ஒரு சந்தேகம். "அப்ப நாம எப்ப வீட்டுக்குப் போறது?"

"சனம் போன பெறகு."

"சனந்தான் போகாதே?"

"போகாட்டா நமக்கு என்ன அவசரம்?" என்றார் மாஸ்டர். டாக்டருக்குத் திருப்தியாகிவிட்டது.

அடுத்த கச்சேரி நினைத்தபடியே நடந்தது. கடைசி சுரத்துக்கு முன்னால் மாஸ்டர் குச்சியை உயர்த்தினார், அப்படியே நின்றார். வயலின் வில்கள் அந்தரத்தில் நின்றன. குருசுமுத்தின் கைகள் தலைக்கு மேலே. சபையும் மூச்சுவிடாமல் காத்திருந்தது. முதலில் எழுந்தால், சங்கீதம் தெரியாதவன் என்று பக்கத்து ஆள் நினைத்துவிடுவானே!

வெயில் ஏறியது. கல்யாண வீட்டார் வந்து சேர்ந்தார்கள். மேடையைக் காலி பண்ணச் சொல்லிக் கெஞ்சினார்கள். மாஸ்டர் கண்ணாலேயே முடியாது என்றார். வேறு வழியில்லாமல் வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவே மணவறையைப் போட்டுக்கொண்டார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் நின்ற உலகம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் கத்தினார்.

கடைசியில் ஒரு மனுஷர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார் என்று குருசுமுத்துக்கு ஆனந்தம். அடித்தார் பாருங்கள் ஒரு அடி! தவில்காரர் குச்சியை நழுவவிட்டார். தாலி ஏறியது, அட்சதை பறந்தது, அடுத்த நிமிஷம் மொத்தக் கூட்டமும் எழுந்து பந்திக்கு ஓடியது.

மாஸ்டர் குச்சியை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். "சீசனையே கொன்னுட்டீரே வே! யாரு உம்ம அடிக்கச் சொன்னது?"

"ஐயருதான் மாஸ்டர். ஒரு தடவைக்கு ரெண்டு தடவ சொன்னாரு."

"சும்மா அவர ஏசாதீங்க," என்று குறுக்கே வந்தார் இசக்கியப்பன். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தாளம் அடிச்சப்ப ஒருத்தரும் எந்திக்கல. மாப்பிள்ள மொத முடிச்சு போட்டாரு, எந்திக்கல. ரெண்டாவது போட்டாரு, அப்பவும் எந்திக்கல. மூணாவது முடிச்சு விழுந்துச்சு, அம்புட்டுப் பேரும் எந்திச்சுட்டாங்க!"

 குழு வாத்தியங்களோடு வரிசையாக மணவறைக்கு முன்னால் போனது. மாஸ்டர் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளையைக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. அந்தக் கடைசி முடிச்ச மட்டும் கொஞ்சம் அவுத்துருங்க. சனம் திரும்பி வந்து உக்காரட்டும்."