எலும்பு வார்டுப் பிச்சாண்டியார்

மலையடிவாரத்து ஊரொன்றின் அரசு மருத்துவமனையில், எலும்பு வார்டு நோயாளிகளின் மலமூத்திரம் அள்ளிப் பிழைத்தவர் பிச்சாண்டியார். விடிந்ததும் ஜன்னல் வழியே மலையைக் கும்பிட்டு, ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டேதான் வேலையைத் தொடங்குவார்.

அவர் மனத்தில் ஒரு முள் இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை முடிந்த ஏழுமலை என்ற முதியவரை மறுநாளே எழுப்பி நிறுத்தப் பிச்சாண்டியாரிடம் சொல்லியிருந்தார் டாக்டர். "வலிக்குது, விட்டுடுப்பா" என்று முதியவர் அழவே, பிச்சாண்டியார் மனமிரங்கிப் படுக்கவிட்டார். அடுத்தடுத்த நாளும் அப்படியே. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, பன்னிரண்டாம் நாள் ஏழுமலை போய்ச் சேர்ந்தார். இரக்கம் ஆளைக் கொல்லுமா? கொல்லும், ஐயா! அன்றுமுதல் அந்தக் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம், பட்டப்பகலிலும், "விட்டுடுப்பா" என்ற குரல் அவர் காதில் விழுந்தது.

ஆறு மாதம் கழித்து, அதே அறுவை முடிந்து, அதே கட்டிலுக்கு வந்தார் எண்பது வயதுக் கனகசபை. புத்தி தடுமாறி ஏதேதோ பேசினார். அடிக்கடி சிறுநீர் வந்தால் அப்பாவைப் புரட்ட வேண்டுமே, வலிக்குமே என்று மகள் செண்பகம் தண்ணீரையே குறைத்துவிட்டார். பாசம்தான். நாக்கு வறண்டு மயக்கம் கூடியதே மிச்சம். பிச்சாண்டியார் தண்ணீர் புகட்டி, நர்ஸம்மா சொன்னபடி வாக்கரைக் கொண்டுவந்து வைத்தார்.

"நேத்துதான் அறுத்தாங்க, இன்னைக்கே நிக்க வெக்கிறியா? பீ அள்ளுற ஆளுக்கு டாக்டருன்னு நெனப்பு!" என்று செண்பகம் சீறினார். வார்டே சிரித்தது.

நர்ஸம்மா ஒருபுறம் தாங்க, அடியார் முதியவரை எழுப்பி நிறுத்தினார்.

"ஐயோ, வலிக்குது, விட்டுடுப்பா!"

அதே சொல். குரலும் அதே குரல்.

"அன்னைக்கு விட்டுட்டேன் பெரியவரே. இன்னைக்கு விடமாட்டேன்" என்று அழுதுகொண்டே பிடித்துக்கொண்டார்.

ஓரடி. இன்னோரடி. நாலாவது அடியில் கனகசபை நின்று, பிச்சாண்டியாரின் தோளுக்குப் பின்னால் வெறித்துப் பார்த்தார்.

"யாருப்பா அது, சடைமுடியோட உம் பின்னாலயே வர்றாரு? ஏழுமலைன்னு ஒருத்தரோட கையப் பிடிச்சிருக்காரு. 'அவன் விட்டவன நான் பிடிச்சுக்கிட்டேன், அழ வேணாம்னு சொல்லு'ங்கிறாரு."

மயக்கப் பேச்சு என்றார் நர்ஸம்மா. ஆனால் ஏழுமலையின் பெயரைக் கனகசபையிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிச்சாண்டியார் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவது அடிக்கு முதியவரைத் தாங்கினார். வலிக்குமென்று தெரிந்தும் கைவிடாத அந்த அடியார் திருவடி வாழ்க.