சீமைக்குப் போய் வந்த கயிறு

முன்னொரு காலத்தில் கடலோர நாடொன்றை அதிரவர்ம ராசா ஆண்டுவந்தார். காலில் சக்கரம் கட்டியவர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். நடந்துகொண்டே தீர்ப்புச் சொல்வார், மந்திரிகள் பின்னால் ஓடுவார்கள்.

ஒருநாள் இங்கிலீஷ்கார வியாபாரி ஒருவன் முரட்டுத் தரைவிரிப்பு ஒன்றைக் காணிக்கை வைத்தான். 'காயர்' என்று அதற்குப் பெயர் சொன்னான். ராசா அதன்மேல் நடந்து பார்த்தார். உள்ளங்காலுக்கு அத்தனை சுகம்.

அரண்மனைப் பண்டகசாலையான உக்கிராணத்தின் அதிகாரி வன்மீகநாதருக்கு அமைச்சர் குழைக்காதர்மேல் தீராத பொறாமை. "அமைச்சர் தலையில் வைத்து ஆடும் நம் கயிற்றுக்காரர்களுக்கு இந்த வேலை ஏழு ஜென்மத்திலும் வராது" என்றார். தேங்காய் மட்டை ஊறும் காயல் நாறுகிறது, அவர்களை விரட்டிவிட்டு அங்கே உல்லாசப் படகு விடலாம் என்றும் ஓதினார். ராசா நடையை நிறுத்தாமலே தலையாட்டினார். மறுநாள் உச்சிக்குள் நாற்பது குடும்பம் வெளியேற வேண்டும்.

குழைக்காதர் குனிந்து விரிப்பை உற்றுப் பார்த்தார். அதன் கயிற்றுப் புரிகள் எல்லாம் இடப்பக்கமாக முறுக்கியிருந்தன.

மறுநாள் காலை விரிப்பின் நடுவில் ஒரு புரி அறுந்து கிடந்தது. ராசா கால் சிக்கித் தடுமாறினார். அறுத்தது யாரென்று நான் சொல்லமாட்டேன்.

இப்போதே சரிசெய்யுங்கள் என்று ராசா குதித்தார். வேறு விரிப்பு வர ஒரு வருசம் ஆகும் என்றான் வியாபாரி. அரண்மனைக் கயிற்றுக்காரர் மூவர் முயன்றார்கள். அவர்கள் முறுக்கியது கைவிட்டதும் பிரிந்துகொண்டது. வன்மீகநாதருக்குக் கொண்டாட்டம்.

உச்சி நெருங்கியது. குழைக்காதர் காயலிலிருந்து மாடத்தி என்ற கயிற்றுக்காரியை அழைத்துவந்தார். ஊரே வலப்பக்கம் முறுக்க, அவள் மட்டும் இடப்பக்கம் முறுக்குவாள். பீச்சாங்கைக்காரி என்று கேலி கேட்டே வளர்ந்தவள். புரியைத் தொட்டாள், நாலு முறுக்குப் போட்டாள், ஒட்டு தெரியவில்லை.

ராசா நின்றுவிட்டார். "இந்தச் சீமை வேலையை எங்கே கற்றாய்?"

"சீமையா? இது நான் திரிச்ச கயிறு மகாராசா. முந்தின வருசம் உக்கிராணத்துக்குக் கொடுத்தேன்."

குழைக்காதர் வியாபாரியைப் பார்த்தார். அவன் மறைக்கவில்லை. கயிற்றைத் தனக்கு விற்றவர் வன்மீகநாதர்தான். தன் ஊரில் அதை விரிப்பாக நெய்தார்கள். பெயரும் இந்தக் கரையில் கேட்டதுதான்: இங்கே கயிறு என்றார்கள், தங்கள் நாக்கில் அது காயர் ஆயிற்று என்றான்.

ராசாவுக்கு வெட்கமாகிவிட்டது. காயல் கயிற்றுக்காரர்களுக்கே என்று எழுதிக்கொடுத்தார். வன்மீகநாதரை அங்கே மட்டை தட்ட அனுப்பினார்.

"எத்தனை நாளைக்கு மகாராசா?" என்று வன்மீகநாதர் முனகினார்.

"மாடத்தியின் முறுக்கு உனக்கு வரும்வரை."

வலக்கைக்காரருக்கு அது லேசில் வராது என்பதைக் குழைக்காதர் ராசாவிடம் சொல்லவில்லை.