வரிசையில் முன்னால் நின்றவள்

சிந்துஜாவும் பவதாரிணியும் கரூரில் ஒரே கல்லூரியில் மூன்று வருஷமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஆனால் வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்ததை மட்டும் ஒருத்தியிடம் ஒருத்தி மூச்சுவிடவில்லை. "விசா கைக்கு வர்ற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத, கண்ணு பட்டுரும்" என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் சொல்லிவைத்திருந்தார்கள்.

அத்தை குழந்தைக்குத் திருத்தணியில் மொட்டை என்று பவாவிடம் சொல்லிவிட்டு, சிந்துஜா அம்மாவுடன் சென்னைக்கு ரயிலேறினாள். பவாவோ காய்ச்சல், படுத்திருக்கிறேன் என்றிருந்தாள். காலையில் தூதரக வாசலில் போய் நின்றால், வரிசையில் சிந்துஜாவுக்கு நேர் முன்னால் அந்தக் காய்ச்சல்காரி புதுச் சுடிதாரில் நிற்கிறாள்.

"மொட்டை போட்டாச்சாடி?" என்று பவா சிரித்தாள்.

காய்ச்சல் என்று தன்னிடம் பொய் சொன்னாளே என்று சிந்துஜாவுக்கு ஆத்திரம் வந்தது. தானும் பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. பவா கையிலிருந்த காகிதத்தில் தான் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயரே இருந்ததைப் பார்த்ததும், தனக்கென்று வைத்திருந்ததை அவள் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. இவளுக்குக் கிடைக்கவே கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓர் அதிகாரி. பவா பேசியது சிந்துஜா நின்ற இடத்துக்குக் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை பவா திரும்பி, இவளைக் கையால் காட்டி ஏதோ சொன்னாள். அதிகாரியும் இவளைப் பார்த்துப் புன்னகைத்தார். போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று சிந்துஜா கறுவினாள். பவாவுக்கு விசா கிடைத்தது.

அடுத்தது சிந்துஜா. படிப்பு, செலவு, குடும்பம் எல்லாவற்றுக்கும் மனப்பாடம் செய்திருந்ததைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். கடைசியில் அதிகாரி, முன்னால் வந்துபோன பெண்ணைத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது."

அவர் விசா இல்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

தூதரகத்துக்கு எதிர் நடைபாதையில் காத்திருந்த சிந்துஜாவின் அம்மா, அழுதுகொண்டு வந்த மகளைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற பவாவின் அம்மாவிடம் பாய்ந்தாள். "உங்க புள்ள கண்ணுதானுங்க பட்டுருச்சு" என்றாள். பொய் சொல்லப் பழக்கிய நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று பவாவின் அம்மாவும் விடவில்லை. கை காட்டிக் கெடுத்தவள் பவாதான் என்று சிந்துஜா விசும்பினாள். கை காட்டியதில் என்ன தப்பு என்று பவா கேட்டாள்.

நீங்களே சொல்லுங்கள். சிந்துஜாவின் விசாவைக் கெடுத்தது யார்? பொய் சொல்லப் பழக்கிய அம்மாவா, கை காட்டிய பவாவா, வேறு யாராவதா?

விடை: அம்மா இல்லை. பவாவின் அம்மாவும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தாள், அவள் மகளுக்குக் கிடைத்துவிட்டதே. பவாவும் இல்லை. தெரியாத ஊரில் தனியாக எப்படி இருப்பாய் என்று அதிகாரி கேட்டபோது, சிந்துஜாவின் காகிதத்திலும் அதே பல்கலைக்கழகத்தின் பெயரை வரிசையிலேயே பார்த்திருந்த பவா, அதோ நிற்பவள் என் சிநேகிதி, அவளும் வருகிறாள், எனக்குப் பயமில்லை என்று சொல்லித்தான் கை காட்டினாள். பவாவையே தெரியாது என்ற சிந்துஜாவின் மற்றப் பதில்களை அந்த மனிதர் எப்படி நம்புவார்? கண் பட்டது என்னவோ உண்மைதான், ஆனால் அது பவாவின் மேல் சிந்துஜா வைத்த கண். பவா அந்த ஊருக்குத் தனியாகத்தான் போனாள்.